"பழி என்மேல் வரட்டும்" என்று போதகர் சொல்லும்போது

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. திருமணத்துக்கு முன்பிருந்தே ஒரு சுயாதீன சபையில் விசுவாசியாக இருக்கிறேன். சில வருடங்களாக சபை டிரஸ்டின் கணக்கு வழக்கையும் நான்தான் பார்க்கிறேன். வெள்ள நிவாரணத்துக்கென்று அறிவித்து வாங்கிய காணிக்கையில் பெரும்பகுதி போதகர் வீட்டு மாடி கட்டப் போய்விட்டது. அரிசி, பாய், போர்வை வாங்கிக் கொடுத்ததாக வவுச்சர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். இரண்டில் போட்டுவிட்டேன். மூன்றாவதற்குத் தயங்கியபோது, "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினபடி நான் செய்றேன். நீங்க கீழ்ப்படிஞ்சா போதும். தப்பு இருந்தா தேவன் என்னைத்தான் கேட்பார், உங்களைக் கேட்க மாட்டார்" என்றார். அம்மாவிடம் சொன்னால், "அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். ஆபிரகாம் ஒரு கேள்வியும் கேட்காமல் பெற்ற பிள்ளையைப் பலியிடப் போனாரே, அதுதானே விசுவாசம்? மேலே இருப்பவர் சொல்லி நான் செய்தால் பாவம் யாருடையது? இந்த நிலையில் அவர் கையால் திருவிருந்து வாங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

மூன்றாவது வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அவர் திரும்பவும் கேட்டுவிடலாம் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை வேதத்திலிருந்தே தருகிறேன். பழைய ஏற்பாட்டைக் கற்றுக்கொடுப்பது என் வேலை. உங்களைக் கட்டிப்போட்டிருப்பதும் வேதவசனங்கள்தான். அந்தக் கட்டை அங்கேயே அவிழ்ப்பதுதான் சரி.

"தப்பு இருந்தால் தேவன் என்னைக் கேட்பார்" என்ற பேச்சு புதிதல்ல. ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். கண் மங்கிப்போன ஈசாக்கு மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்க நினைக்கிறார். ரெபெக்காள் இளையவன் யாக்கோபுக்கு ஏசாவின் உடையை உடுத்தி, கையிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைப் போர்த்தி, அப்பாவிடம் அனுப்பத் திட்டமிடுகிறாள். யாக்கோபு தயங்குகிறான். அப்பா தடவிப் பார்த்துவிட்டால் ஆசீர்வாதத்துக்குப் பதிலாகச் சாபம்தானே வரும் என்கிறான். அதற்குத் தாய் சொல்லும் பதில்: "என் மகனே, உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும்." நீ நான் சொன்னதை மட்டும் செய் என்கிறாள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரெபெக்காளிடம் இருந்தது பொய்யான வெளிப்பாடு அல்ல. பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் அவளிடம் சொல்லியிருந்தார். வாக்கு மெய்யானது. அதை நிறைவேற்ற அவள் தேர்ந்தெடுத்த வழிதான் பொய். ஆகவே உங்கள் போதகருக்கு உண்மையிலேயே ஏதோ வெளிப்பாடு கிடைத்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, பொய் வவுச்சர் அதனால் சுத்தமாகிவிடாது. உள்ளே போன யாக்கோபு என்ன செய்தான் என்பதையும் பாருங்கள். இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று தகப்பன் கேட்கிறார். உம்முடைய தேவனாகிய கர்த்தர் எனக்கு நேரிடப்பண்ணினார் என்கிறான். தாய்க்குக் கீழ்ப்படியப் போனவன் கடவுளின் பெயரையே பொய்க்குச் சாட்சியாக இழுத்துவிட்டான். உங்கள் வவுச்சரிலும் "கர்த்தருடைய ஊழியத்துக்காக" என்றுதானே தலைப்பு இருக்கும்?

அம்மா ஏற்றுக்கொண்ட சாபம் அம்மாவோடு நின்றதா? யாக்கோபு வீட்டைவிட்டு ஓடினான். மாமன் லாபானிடம் 20 வருடம் உழைத்தான். ராகேலுக்காகக் காத்திருந்தவனுக்கு இரவில் அவள் அக்கா லேயாளை அனுப்பி ஏமாற்றினார்கள். ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றினவனிடம், வயதான காலத்தில் அவன் பிள்ளைகளே தம்பி யோசேப்பின் அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். இது தண்டனை என்று கதை சொல்பவர் எங்கும் விளக்கவில்லை. நடந்ததை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார். ரெபெக்காள் அந்த மகனை மறுபடி பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. கர்த்தர் யாக்கோபைக் கைவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் யாப்போக்கு ஆற்றங்கரையில் தேவனோடு போராடிய அந்த இரவில் அவனிடம் கேட்கப்பட்ட கேள்வி, உன் பேர் என்ன என்பது. தகப்பனிடம் ஏசா என்று சொன்னவன் அங்கே யாக்கோபு என்று சொல்ல வேண்டியிருந்தது. அம்மா சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டில், இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த ரோம தேசாதிபதி பிலாத்து. ஜனங்களுக்கு முன்பாகக் கைகழுவி, இந்த நீதிமானின் இரத்தப்பழிக்கு நான் குற்றமற்றவன் என்றான். கூடிநின்றவர்கள் பழியை ஏற்றுக்கொள்வதாகச் சத்தமிட்டார்கள். (அந்த வசனத்தை எடுத்து யூத ஜனம் முழுவதையும் நூற்றாண்டுக் கணக்காகக் குற்றவாளியாக்கியது சபை வரலாற்றின் பெரிய பாவம். அதைச் சொல்லாமல் இந்த வசனத்தைத் தாண்டிப்போக என்னால் முடியாது.) அப்படிப் பழியை வேறு யாரோ வாங்கிக்கொண்ட பிறகும் விசுவாசப்பிரமாணத்தில் யார் பெயர் நிற்கிறது? "பொந்தியு பிலாத்துவின் கீழ் பாடுபட்டு" என்று உலகமெங்கும் சபைகள் சொல்கின்றன. தீர்ப்பு அவனுடையது. ஆகவே பெயரும் அவனுடையது.

"பாவம் யாருடையது?" என்ற உங்கள் கேள்விக்கு வேதத்தின் பதில், இருவருடையதும். அவருடைய பங்கு உங்களுடையதைக் குறைக்காது, உங்களுடையது அவருடையதைக் குறைக்காது. மேய்ப்பர்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ண வேண்டியவர்கள் என்று எபிரெயர் 13:17 சொல்கிறது. கீழ்ப்படியுங்கள் என்று உங்களிடம் காட்டப்படும் அதே வசனம்தான் அது. "நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்" என்று ரோமர் 14:12 சொல்கிறது. போதகர் தமக்காகவும் உங்களுக்காகவும் பதில் சொல்வார். நீங்கள் உங்களுக்காகப் பதில் சொல்வீர்கள். உங்கள் இடத்தில் நின்று அவர் பதில் சொல்வார் என்று எந்த வசனத்திலும் இல்லை. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, முழுவதும் இதுதான் என்று பொய் சொன்ன தம்பதி அனனியா சப்பீராள் கதையை வேறொரு காரணத்துக்காகக் கேட்டிருப்பீர்கள். அதில் பேதுரு அந்த மனைவியைத் தனியாகக் கேட்கிறார், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று. கணவன் முடிவெடுத்தான், அவளுக்கும் அது தெரியும். அவள் உண்மையைச் சொல்ல அவளுக்கென்று ஒரு தருணம் வைக்கப்பட்டிருந்தது. உங்களுக்கு அந்தத் தருணம் மூன்றாவது வவுச்சர்.

இனி அம்மா சொல்லும் வசனம். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்கு செய்யாமலும் இருங்கள்." சங்கீதம் 105:15. இதை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மேலே மூன்று வசனம் ஏறிப் பாருங்கள். கொஞ்சத் தொகையான, நிலமில்லாத, ஊர் ஊராக அலைந்த பரதேசிக் குடும்பத்தைப் பற்றிய பாட்டு அது: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்கத் தேவன் குறுக்கே வந்து நிற்கிற வசனம் இது. உங்கள் சபையில் மைக்கும் சாவியும் செக்புக்கும் யார் கையில், வேலை போய்விடுமோ குடும்பத்துக்கு ஆகாதோ என்று பயப்படுவது யார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த வசனம் யாருக்குக் காவலாக நிற்கும் என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பாட்டின் பின்னணியாக இருக்கிற சம்பவம் ஆதியாகமம் 20இல் வருகிறது. வேதத்தில் ஒரு மனிதர் முதன்முதலாகத் தீர்க்கதரிசி என்று அழைக்கப்படுவது அங்கேதான். ஆபிரகாமைத்தான் தேவன் அப்படி அழைக்கிறார். அதே அதிகாரத்தில் அந்தத் தீர்க்கதரிசி, மனைவியைச் சகோதரி என்று சொல்லிக் கேராரின் ராஜா அபிமெலேக்கை ஏமாற்றியிருக்கிறார். உண்மை தெரிந்ததும் ராஜா அவரை வரவழைத்து, செய்யத்தகாத காரியத்தை என்னிடத்தில் செய்தாயே என்று நேருக்கு நேர் கேட்கிறான். தீர்க்கதரிசியை எப்படிக் கேள்வி கேட்கலாம் என்று தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தீங்கு செய்யாதே என்பது கட்டளை. கேட்காதே என்பது கட்டளை அல்ல.

சவுலும் தாவீதும் இதை இன்னும் தெளிவாக்குகிறார்கள். தன்னைக் கொல்லத் துரத்திய ராஜா சவுல்மேல் தாவீது கைபோடவில்லை. எங்கேதி குகையில் சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்தார். ஆனால் குகைக்கு வெளியே வந்து, 3000 வீரர்களோடு வந்திருந்த ராஜாவைக் கூப்பிட்டு, எனக்கு ஏன் தீங்கு தேடுகிறீர் என்று உரக்கக் கேட்டார். இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் 1 சாமுவேல் 22ஐச் சொல்வதில்லை. நோப் என்ற ஆசாரியர் ஊரார் தாவீதுக்கு உதவினார்கள் என்று சவுல் கொதித்தெழுந்து, அவர்களைக் கொல்லும்படி தன் சேவகருக்குக் கட்டளையிடுகிறார். சவுல் அப்போதும் அபிஷேகம்பண்ணப்பட்டவர்தான். தாவீது அதற்குப் பிறகும் அவரை அப்படித்தான் சொல்கிறார். ஆனால் கர்த்தருடைய ஆசாரியர்கள்மேல் கை நீட்ட அந்தச் சேவகர்கள் சம்மதிக்கவில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. கலகம் செய்யவில்லை, சவுலைத் தாக்கவில்லை, கையைக் கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். ஏதோமியனாகிய தோவேக்கு கீழ்ப்படிந்தான். அன்றைக்கு 85 ஆசாரியர்கள் செத்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தில் யார் தேவபயமுள்ளவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஒரு ஊழியர் சொன்னால் நாம் எப்படிச் சோதிப்பது? இதற்கு உபாகமம் 13ஐயும் 18ஐயும் எரேமியா 23ஐயும் காட்டலாம். "அந்தத் தீர்க்கதரிசிகளை நான் அனுப்பாதிருந்தும் அவர்கள் ஓடினார்கள்" என்று கர்த்தரே வருந்திச் சொல்லும் இடம் அது. ஆனால் நான் உங்களை வாசிக்கச் சொல்வது 1 இராஜாக்கள் 13. என் மாணவர்களை அதிகம் உலுக்குகிற அதிகாரம் இது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு ஒரு தேவமனுஷன் வருகிறான். ராஜா யெரொபெயாமின் பலிபீடத்துக்கு எதிராகப் பேச வேண்டும். அங்கே அப்பம் புசிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வந்த வழியாய்த் திரும்பக் கூடாது. இது அவனுக்குக் கிடைத்த தெளிவான கட்டளை. ராஜா விருந்துக்கு அழைக்கிறான். வீட்டில் பாதி கொடுத்தாலும் வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். அதிகாரமும் ஆசையும் அவனை அசைக்கவில்லை. பிறகு பெத்தேலில் குடியிருந்த ஒரு வயதான தீர்க்கதரிசி கழுதையில் ஏறித் தேடி வருகிறான். உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான், உம்மை வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பிடவைக்கும்படி கர்த்தருடைய வார்த்தையாக ஒரு தூதன் சொன்னான் என்கிறான். அடுத்த வார்த்தையிலேயே, அது பொய் என்று வேதம் நமக்குச் சொல்லிவிடுகிறது. ராஜாவுக்கு மசியாதவன் ஊழியருக்கு மசிந்தான். போனான், சாப்பிட்டான், திரும்புகிற வழியில் ஒரு சிங்கம் அவனைக் கொன்றது. சிங்கம் உடலையும் தின்னவில்லை, கழுதையையும் தொடவில்லை, பக்கத்திலேயே நின்றது. பொய் சொன்ன கிழவன் வந்து, உடலை எடுத்துப்போய்த் தன் கல்லறையிலேயே வைத்து, ஐயோ என் சகோதரனே என்று அழுதான்.

பொய் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏமாந்தவன்தானே செத்தான் என்று கேட்பீர்கள். வகுப்பிலும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மழுப்ப நான் விரும்பவில்லை, கதை கடுமையானதுதான். ஆனால் அதன் கடுமை எதற்காக என்று எனக்குப் புரிகிறது. தேவனிடமிருந்து நேரடியாக, ஐயத்துக்கு இடமில்லாமல் நீங்கள் பெற்ற ஒன்றை, இன்னொருவர் தமக்கு வந்ததாகச் சொல்லும் ஒரு செய்தி ரத்து செய்ய முடியாது. அவர் மூத்தவராக இருந்தாலும், ஊழியராக இருந்தாலும், உங்கள்மேல் பிரியத்தோடு பேசினாலும் முடியாது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிட்டீர்கள். அதற்கு மேல் உங்களுக்கு வெளிப்பாடு தேவையில்லை.

ஆபிரகாமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆதியாகமம் 22 எளிதான பகுதி அல்ல. அதைச் சாதாரண கீழ்ப்படிதல் கதையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு கனக்கும். அழிக்கப்படவிருந்த சோதோம் ஊருக்காக, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று தேவனிடமே வாதாடி, 50 நீதிமான்களிலிருந்து 10 வரை இறங்கிப் பேரம் பேசியவர் ஆபிரகாம். அவர் கேட்டதைத் தேவன் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு அதிகாரம் கழித்து, சொந்த மகனுக்காக அவர் ஒரு வார்த்தையும் வாதாடாதது ஏன் என்று யூத ரபிகளும் கிறிஸ்தவ அறிஞர்களும் இன்றும் எழுதுகிறார்கள். எபிரெயர் நிருபம், மரித்தோரிலிருந்து எழுப்பத் தேவன் வல்லவர் என்று அவர் எண்ணினார் என்கிறது. எனக்கு அது பெரிய வெளிச்சம். ஆனாலும் மோரியா மலையை நோக்கி நடந்த அந்த மூன்று நாள் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கதையை உங்கள் மேசைமேல் இருக்கும் வவுச்சரோடு ஒப்பிட முடியாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆபிரகாமிடம் தேவன் நேராகப் பேசினார். எனக்குச் சொல்லப்பட்டது, நீ செய் என்று இடையில் நின்று யாரும் சொல்லவில்லை. ஆபிரகாமும் இன்னொருவர் கையை வாங்கவில்லை. வேலைக்காரரைக் கழுதையோடு கீழேயே நிறுத்திவிட்டார். கேட்கப்பட்டது அவருக்குள்ளதில் மிக அருமையானது, கீழ்ப்படிந்தால் அவர் எல்லாவற்றையும் இழப்பார். "தேவன் சொன்னார்" என்ற வார்த்தையால் அந்த மலையில் யாருக்கும் மாடி எழும்பவில்லை. கடைசி வார்த்தை, பிள்ளையாண்டான்மேல் கையைப் போடாதே என்பது. பிள்ளைகளைத் தகனித்த ஜனங்களைப் பற்றி எரேமியா மூலம் கர்த்தர் பிற்காலத்தில் சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள்: அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை.

பண விஷயத்தில் வேதம் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை நம் சபைகள் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை. மோசேயைவிடப் பெரிய அதிகாரம் யாருக்கு இருந்தது? யாத்திராகமம் 38இல் ஆசரிப்புக் கூடாரத்தின் கணக்கு அப்படியே இருக்கிறது: பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி இவ்வளவு, வெண்கலம் இவ்வளவு, எது எதற்குச் செலவானது என்று. கணக்கைப் பார்த்தது ஆசாரியன் இத்தாமார். கேள்வி கேட்பவர்களை, மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கூட்டம் என்று சொல்லி வாயடைப்பதுண்டு, உங்களிடமும் சொல்லலாம். கோராகு எழும்பிய அதே அதிகாரத்தில் (எண்ணாகமம் 16) மோசே சொல்கிற வார்த்தை, நான் அவர்களிடத்தில் ஒரு கழுதையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது. சாமுவேல் வயதானபோது ஜனங்களைக் கூட்டி, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், சொல்லுங்கள் என்று தாமாகவே கேட்டார். யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருடத்திலும் ஆலயத்துக்கு வந்த பணத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கவில்லை. அதன்பின் பெட்டி வைத்து, ராஜாவின் எழுத்தரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணும் முறை வந்தது.

உங்களுக்கு மிக நெருக்கமானது பவுல். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் பணம் சேர்த்தார். இன்றைய சொல்லில் நிவாரண நிதி. அந்தப் பணத்தைக் கையாள தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரையும் அனுப்பினார். இந்தத் தர்மப்பணத்தில் ஒருவரும் எங்களைக் குற்றம் சொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையானதைச் செய்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதினார். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டவர் அவர். எனக்குத் தேவன் வெளிப்படுத்தினார், கணக்கு கேட்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

இதனால் போதகர் சொல்வது எதையும் கேட்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆராதனை எத்தனை மணிக்கு, எந்தக் கிராமத்துக்கு ஊழியம், பட்ஜெட்டில் எதற்கு முதலிடம் என்பதிலெல்லாம் உங்கள் கருத்து வேறாக இருந்தாலும் அடங்கிப்போவது நல்லது. அது சபை வாழ்க்கைக்குத் தேவையான தாழ்மை. பொய்யில் கையெழுத்து அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இனி செய்ய வேண்டியது. போதகரிடம் ஒருமுறை நேரில் பேசுங்கள், மத்தேயு 18 சொல்லும் வரிசையில். அவர் மனதில், எல்லாம் ஒரே சபைப் பணம்தானே என்ற எண்ணம் இருக்கலாம். சிலருக்கு உண்மையாகவே குறிப்பிட்ட நோக்கத்துக்கு வாங்கிய பணத்தை மாற்றக் கூடாது என்று தெரியாது. அவருக்குத் திருந்த ஒரு வழி கொடுங்கள்: மாடிக்குப் போன தொகையை அவர் டிரஸ்டுக்குத் திருப்பித் தர வேண்டியதாகக் கணக்கில் உள்ளபடியே எழுதி, தேதி குறித்து, திருப்பச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கணவரையோ நம்பிக்கையான ஒரு மூத்த விசுவாசியையோ கூட்டிப் போங்கள்; அதில் வசனத்துக்கு விரோதம் எதுவும் இல்லை. அவர் மறுத்தால் மற்ற டிரஸ்டிகளுக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றும் எழுதியிருக்கிறார். வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள். அது விசாரணையை வதந்தியாக்கிவிடும்.

ஏற்கெனவே போட்ட இரண்டு கையெழுத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ராத்தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் பயத்தில் செய்தீர்கள், பணத்தைத் தொடவில்லை. ஜெபியுங்கள், மன்னிப்பு உண்டு. ஆனால் எண்ணாகமம் 5 பாவ அறிக்கையோடு நிற்கவில்லை. குற்றத்துக்கு ஈடாக முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார். உங்களிடம் திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை, ஒரு பொய்ப் பதிவு இருக்கிறது. அந்த இரண்டு வவுச்சரும் உண்மையல்ல என்று டிரஸ்டிகளுக்கும் ஆடிட்டருக்கும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பொய்க்கணக்கு எழுதுவது சட்டப்படியும் குற்றம், கையெழுத்து உங்களுடையது. எப்படி எழுதினால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் சொல்வார். சட்ட ஆலோசனை கேட்பது விசுவாசக்குறைவு அல்ல. பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்களிடம், நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுலும் தம் உரிமையைக் கேட்டார்.

உங்கள் கடிதத்தில் போதகர் இருக்கிறார், அம்மா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். போர்வைக்காகக் காத்திருந்தவர்கள் இல்லை. பாவம் யாருடையது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பணம் யாருடையது என்பதும் நம் முன்னால் இருக்க வேண்டும். டிரஸ்டிகளுக்கு எழுதும்போது அந்தக் குடும்பங்களையும் எழுதுங்கள்: எந்த ஊருக்கென்று அறிவித்து வாங்கினோம், எவ்வளவு போய்ச் சேர்ந்தது, மீதி எப்போது போகும் என்று. அறுவடை செய்தவர்களின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவியில் பட்டது என்று புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் சொல்வது, இதுபோல உரியவர்களுக்குச் சேராமல் பிடித்துவைக்கப்பட்ட கூலிப் பணத்தைப் பற்றித்தான்.

அம்மாவின் பயத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். ஊழியரை எதிர்த்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தது என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. வாதாடி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். ஆதியாகமம் 20ஐயும் சங்கீதம் 105ஐயும் அவரோடு சேர்ந்து சத்தமாக வாசித்தாலே போதும்.

திருவிருந்து. டயோக்கிளேஷியன் பேரரசன் காலத்து உபத்திரவத்தில் சில குருக்கள் வேதப்பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துக் கட்சியார் பிரிந்துபோனார்கள். ஹிப்போவின் ஆயராயிருந்த அகுஸ்தீன் அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் சபை பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது: கொடுக்கிறவர் கிறிஸ்து, ஊழியரின் அக்கிரமம் அதைக் கெடுக்காது. ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டுரைகளில் 26ஆவது இதையே சொல்கிறது. அதே கட்டுரை, தீய ஊழியரை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எனவே அவர் கையால் வாங்குவதால் உங்களுக்குத் தீட்டு ஒன்றும் இல்லை. பவுல் சோதித்தறியச் சொன்னது அவரவர் தம்மைத்தான். ஆனால் இந்த விஷயம் தீரும்வரை அந்தப் பந்தியில் நிற்க உங்கள் மனம் இடம் கொடுக்கவில்லை என்றால், உங்களை ஏற்றுக்கொள்ளும் வேறொரு சபையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக உங்கள் போதகரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.